விமானம் ஓட்டாதவரின் நாணயம்

என் மாமனாரிடம் ஒரு வெண்கல நாணயம் இருந்தது. கடையில் செல்லாது. முதல் உலகப் போரில் அவர் வேலை பார்த்த பிரெஞ்சு விமானப் படைப்பிரிவின் நினைவாக அடித்து, அதில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தது. ஒரு பக்கம் சிறகு விரித்த பருந்து, மறுபக்கம் பிரிவின் எண். அதைப் பார்த்ததும் அவர் விமானம் ஓட்டியவர் என்று, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் பாகூர்க்காரர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. அந்த வயதில் அந்தப் பேச்சு இனித்திருக்கும். அதை நம்பித்தான் என் மாமியாரைக் கட்டிக்கொடுத்தார்கள்.

நான் மருமகளாக வந்த இரண்டாம் கோடையில், வற்றிக் கிடந்த ஏரியில் ஒரு சிறிய விமானம் இறங்கியது. கருவேல முள் பட்டு இறக்கைத் துணி நீளமாகக் கிழிந்திருந்தது. அதைத் தைக்காமல் கிளம்ப முடியாது என்று ஓட்டி வந்த வெள்ளைக்காரர் பிரெஞ்சில் சொன்னது மாமாவுக்கு மட்டும்தான் புரிந்தது. ஊரே அவரை முன்னே தள்ளியது.

"நீங்களே ஏறி ஓட்டிக் காட்டுங்க!"

மாமா அங்குமிங்கும் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள். பிறகு என்னிடம், "வூட்ல இருந்து மெல்லிசு ஊசியும் நூலும் எடுத்துக்கினு வாம்மா" என்றார்.

வெயிலில் குந்தி உட்கார்ந்து, நெருக்கமாக முடிச்சுப் போட்டுப் போட்டுத் தைத்தார். அவர் கை அவ்வளவு நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை. முடித்ததும் எழுந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் ஏரோப்ளேன் ஓட்டுனதே இல்லபா. அங்க நான் தையக்காரன். றெக்கைக்குத் துணி தெச்சேன், அவ்ளோதான்."

நாட்டாமைதான் முதலில் சிரித்தார்.

"பாத்தீங்களா, பெரிய மனுசன் எப்பிடித் தன்ன தாழ்த்திக்கிறாரு! ஓட்டத் தெரிஞ்சவருக்குத் தைக்கத் தெரியாதா?"

எல்லாரும் கைதட்டினார்கள். விமானம் எழும்பிப் போனது. மாமாவுக்கு மாலை போட்டு வீடுவரை கூட்டி வந்தார்கள்.

சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீயாவது நம்புடி."

மாமியார் குழம்பை ஊற்றினார். "கட்டிக்கினு வந்த வருசமே எனக்குத் தெரியும். கிழிஞ்ச சட்டைய நீங்க தெச்ச அழகே சொல்லிச்சி. இப்ப வில்லியனூர்க்காரங்க இன்னா சொல்லி நம்ம பொண்ண கேட்டு வந்தாங்க? ஏரோப்ளேன் ஓட்டனவரு பொண்ணுன்னுதான? வாய மூடிக்கினு சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். சாகும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

வில்லியனூரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் அப்பா விமானம் ஓட்டிய கதையைச் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டுகிறேன்.