கண்ணீர் அஞ்சலியில் என் முகம்

மூன்றாம் பாகம் அச்சாகி வந்தபோது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இடம் தீர்ந்துவிட்டது. முதல் இரண்டு பாகங்களின் கட்டுகளே அங்கே பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தன. எலி கடிக்காமல் இருக்க அம்மா அவற்றின் மேல் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கூட்டும்போது துடைப்பம் ஒரு கட்டின் மேல் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். உள்ளே இருப்பது பேய்க்கதை என்று சொல்லிப் பார்த்தேன். "பேயோ பிசாசோ, புக்குதான?" என்றாள்.

தொடரின் பெயர் ‘இறங்கியவன்’. ஏரி மதகைத் திறக்க இறங்கி மேலே வராமல் போன ஒருவன், அமாவாசைக்கு அமாவாசை ஊருக்குள் வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுகிறான். நான்கு பாகங்களாக யோசித்த கதை. பதிப்பகங்கள் பதில் போடவில்லை. நானே அச்சுக்குக் கொடுத்து, நானே அட்டை வரைந்து, நானே விற்கவும் கிளம்பினேன். எழுதுவது தெரிந்திருந்தது. விற்பது தெரியவில்லை. வாசிப்புக் குழுக்களில் பதிவு போட்டேன். பாராட்டி எழுதுவார்கள் என்று நம்பி இலவசப் பிரதிகள் அனுப்பினேன். ஒருவர் கூரியர் வந்து சேர்ந்ததைப் படம் எடுத்துப் போட்டார். அதோடு சரி. மாமல்லபுரத்தில் சிற்பக் கடைகளுக்கு நடுவே நின்று நீட்டினேன். வெளியூர்க்காரர்கள் வழிகேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். கத்துகிற ஆள் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மறைமலை நகர்ல ஒரு கம்பெனில சொல்லி வெச்சிகீறேன். வர்ற திங்கக்கெயம லைன்ல நிக்கணும். அதுக்குள்ள இந்தப் புக்கு ஓடுச்சின்னா போவாத. ஓடலன்னா இத்தோட உட்டுடு. எழுதறத உட்டுடு." ஓவர்டைமோடு பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அந்த லைனில் நின்றுவிட்டு வந்து எழுதியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. நான்காம் பாகத்தில் ஒரு வரிகூட அப்போது எழுதியிருக்கவில்லை. மூன்றாம் பாகம் விற்காவிட்டால் அந்தக் கதை முடியாமலே போய்விடும். நான் தலையாட்டினேன்.

செங்கல்பட்டில் ப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பனிடம் போனேன். என்னோடு படித்தவன்.

"மச்சான், நீ கூவிக் கூவி விக்கற. பேய்க்கதைய போயி காய்கறி மாதிரி கூவலாமா? நம்ம ஆளுங்க செவுத்துல எத நின்னு படிக்கறான் சொல்லு."

"சினிமா போஸ்டர்."

"அத நடந்துகினே பாத்துட்டுப் போயிடுவான். கண்ணீர் அஞ்சலின்னாதான் நிப்பான். எந்த ஊரு, யாரு வூட்டு ஆளுன்னு பாக்காம நவுர மாட்டான்."

அவன் சொன்னது உண்மை. நானே அப்படி நிற்பவன்தான். உட்கார்ந்து வடிவமைத்தோம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பூ வளையம், நடுவில் படம். தோற்றம் என்ற இடத்தில் ‘முதல் பாகம்’. மறைவு என்ற இடத்தில் ‘முதல் பாகம், முதல் பக்கம்’. அதற்குக் கீழே, ‘திரும்பி வருகிறான்: மூன்றாம் பாகம்’. கீழ்ப்பாதி முழுக்க அட்டைப்படமும் ஸ்கேன் செய்து புத்தகம் வாங்கும் க்யூஆர் கட்டமும். கடைசி வரியில் ‘துயரத்தில் வாடும் வாசகர்கள்’ என்று நான் போட்டபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இல்லாத வாசகனுக்கு துக்கம் வேறயா?"

படம்தான் சிக்கல். நெட்டிலிருந்து யாரோ ஒருவர் முகத்தை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. நண்பனைக் கேட்டேன். "எங்கம்மா என்னை நெஜமாவே மேல அனுப்பிடும்." டீக்கடைக்காரர் கும்பிடு போட்டார். கடைசியில் என் கல்லூரி அடையாள அட்டைப் படமே விளக்குகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. செங்கல்பட்டு, மதுராந்தகம் பஸ் நிலையங்களில் மட்டும் ஒட்டினால் போதும் என்று பேசிக்கொண்டோம். எங்கள் ஊர் படாளம் வரைக்கும் அது வராது என்றுதான் வீட்டில் சொல்லாமல் இருந்தேன்.

சனிக்கிழமை காலை நான் திருவிடந்தையில் இருந்தேன். கடற்கரைச் சந்தை ஒன்றில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் சோப்பு விற்பவர், மறுபக்கம் சங்கு விற்பவர். மதியம்வரை ஒரு பிரதியும் போகவில்லை. மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை நேரலையில் வாசிக்கலாம் என்று போனைப் புத்தகக் கட்டின் மேல் சாய்த்து வைத்தேன். நடுவில் அழைப்பு வந்தால் அறுந்துவிடும் என்று எல்லா அழைப்புகளையும் தடுத்துவிட்டேன்.

இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவன் நண்பன். பக்கத்துச் சோப்புக்காரர் இன்னொருவர், இரக்கப்பட்டு.

நாலைந்து பக்கம் வாசித்திருப்பேன். எண் ஏற ஆரம்பித்தது. பத்து, இருபது, ஐம்பது. போஸ்டர் வேலை செய்கிறது என்று நினைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பேர் என் கதையைக் கேட்டதில்லை. கருத்துகள் மளமளவென்று ஓடின. கண்ணை எடுத்தால் வரி தவறிவிடும் என்று நான் அவற்றைப் படிக்கவில்லை. இறங்கியவன் தன் சொந்த வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிற இடம். நிறுத்தி, மூச்சு வாங்கி, திரையைப் பார்த்தேன்.

‘உயிரோட கீறாரா?’

‘இது பழைய வீடியோவா?’

‘டேய் கண்ணு சிமிட்றான் பாரு.’

‘அண்ணா நீங்க தவறிட்டீங்கன்னு சொன்னாங்க.’

அதற்குக் கீழே சித்தப்பா மகள்: ‘அண்ணே போன எடு. பெரியம்மா மயங்கி உழுந்துட்டாங்க. போன எடு.’

நடந்தது இதுதான். போஸ்டர் ஒட்டுகிறவர் பல வருடமாக அஞ்சலி போஸ்டர் ஒட்டி வருபவர். அவர் வாசகத்தைப் படிப்பதில்லை, முகத்தைப் பார்ப்பார். எந்த ஊர்ப் பையன் என்று தெரிந்துகொள்வார். இறந்தவன் சொந்த ஊர்க் கூட்டுரோட்டில் ஒட்டாமல் வருவது அவர் தொழிலில் மரியாதைக்கேடு. என்னைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறார். கையில் மீதி இருந்ததையெல்லாம் படாளம் கூட்டுரோட்டில் வரிசையாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நடவு முடித்து மற்றப் பெண்களோடு அம்மா அங்கே வந்து நின்றபோது, சுவர் முழுக்க நான் இருந்தேன். விளக்கும் பூவளையமும் அவளுக்குப் படிக்கத் தெரியும். மிச்சம் தெரியாது. கூட இருந்த பெண்களுக்கும் தெரியாது.

அப்பாவை அழைத்தேன். "உங்கம்மா காதுல வெக்கறன். பேசு" என்றார். அவர் குரலே அவர் குரலாக இல்லை.

"அம்மா, நான்தாம்மா. நல்லா கீறேன்."

"யாரு?"

"நான்தாம்மா. அது சொம்மா புக்கு விளம்பரம்."

"அச்சுல போட்டுட்டாங்களேடா," என்றாள். "அச்சுல வந்துட்ச்சே." போன் கைமாறியது. என் குரலைவிட அவள் அந்தக் காகிதத்தை நம்பினாள். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று அவளுக்குச் சொல்லித்தந்து வளர்ந்தவன் நான்தான்.

மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறி வந்தேன். புத்தகங்களை மேசையிலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ என்னை உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் செல்பி கேட்டார்.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தெரு முனையிலேயே மாமா எதிரில் வந்தார், கையில் ரோஜா மாலையோடு. என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இன்னாடா இது, இப்ப இத நான் யாருக்குப் போடறது?"

"கோயிலுக்குப் போடு மாமா."

"சாவு மாலைய கோயிலுக்குப் போடச் சொல்றான் பாரு, படிச்சவன்!"

யாரோ சிரித்தார்கள். யாரோ, பொய்ச்சாவுச் சேதி வந்தவனுக்கு ஆயுசு கூடும் என்றார்கள். அம்மா சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள், சேறு கழுவாத கையால். அப்புறம் அறைந்தாள். அப்புறம் குடத்துத் தண்ணீரை எடுத்து என் தலையில் கொட்டினாள்.

நண்பன் போன் செய்தான். "மச்சான், அம்மா போஸ்டர் முன்னாடி அழுவறத எவனோ எடுத்துகீறான். எனக்கும் வந்துட்ச்சி. தப்பா நெனைக்காத... இத நம்ம பக்கத்துல போட்டா புக்கு பிச்சிகினு போவும்."

வீடியோவை அனுப்பியும் விட்டான். நான் பார்த்தேன். அவள் காகிதத்தில் என் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். மூன்று பாகங்களில் நான் எழுத முயன்ற பயம் முழுவதும் அந்த அரை நிமிடத்தில் இருந்தது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். விரலைப் பகிரும் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பின்பு வீடியோவை அழித்தேன். நல்லவனாக உணரவில்லை. கடைசிக் கயிற்றையும் நானே அறுத்துக்கொண்டதைப் போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கெட்டும் குடமுமாகக் குட்டியானையில் ஏறினாள். போஸ்டர் ஒன்றுகூட இருக்கக்கூடாது. படாளத்தில் அப்பா ஒன்றின் நுனியைப் பிடித்துச் சரக்கென்று இழுக்கப்போனார்.

"கிழிக்காத! புள்ள மூஞ்சியக் கிழிப்பியா நீ?"

தண்ணீரை அடித்து, பசை ஊறும்வரை காத்திருந்து, மூலையிலிருந்து நகத்தால் கிளப்பி, முழுசாக உரித்தாள். உரித்ததை வண்டியில் துவைத்த துணிபோல் விரித்தாள். மதுராந்தகத்தில் பாதி நாள் போனது. என் விளம்பரத்தை என் அம்மாவே சுவர் சுவராகக் கழுவினாள். நான் தண்ணீர் சுமந்தேன்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடைசியாக ஒன்று இருந்தது. அம்மா தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரிப் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்கதானே? நேத்து லைவ்ல பாதியில கட் பண்ணிட்டீங்க. அவன் அவங்க வூட்டுக் கதவத் தட்டறானே. யாரு தொறந்தாங்க?"

என்னிடம் ஒருவர் கதையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"அது நாலாம் பாகம்," என்றேன். "இன்னும் எழுதல."

"எப்போ வரும்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வண்டி ஸ்டியரிங்கைப் பார்த்தார். பஸ் வந்துவிட்டதென்று அந்தப் பெண் கட்டத்தை அவசரமாக ஸ்கேன் செய்துகொண்டு ஓடினாள்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "எழுதலன்னா? அப்ப அவன் இன்னும் வெளியவே நின்னுகினு கீறானா?"

"ஆமாம்மா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு போஸ்டரின் மேல்பாதியை மட்டும் ஊறவிட்டு, என் முகத்தை விளக்குகளோடு சேர்த்து உரித்தெடுத்தாள். அட்டைப்படமும் கட்டமும் இருந்த கீழ்ப்பாதியைத் தொடவில்லை. ஓரம் தூக்கிய இடத்தை உள்ளங்கையால் அழுத்தி மறுபடி ஒட்டினாள்.

"காலைல கம்பெனி வண்டி வந்துடும்," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"வரட்டும். அந்தப் பொண்ணு கேட்டுதே, அத மட்டும் எழுதிக் குட்த்துட்டுப் போவட்டும்."

அப்பா வண்டியைக் கிளப்பினார். அம்மா முன்னால் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, என் ஈர முகங்கள் காற்றில் பறந்துவிடாமல் படாளம்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.