ஒரு கண்ணுக்கு மூன்று விபத்து

குழந்தைகளுக்குக் கேன்சர் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில், மூன்று தலைமுறையில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று கேட்டு எழுதுவது என் வேலை. ஊரார் வீட்டுச் சங்கதி கேட்டே சம்பளம் வாங்கும் சக பாவிகளே, நான் படும் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

தும்மல்கூட இல்லாத வம்சம்

வாலாஜாபாத் தாத்தா ஒருவர், "எங்க வம்சத்துல ஒரு தும்மல்கூடக் கெடையாது" என்றார். அப்பா எப்படி இறந்தார்? "நல்லாத்தான் இருந்தாரு, பொட்டுனு போயிட்டாரு." அண்ணன்? அவரும் நல்லாத்தான் இருந்தாராம். இப்படி எட்டுப் பேர் நல்லா இருந்தே போயிருந்தார்கள்! நான் பேனாவை மூடியதும் காதருகே குனிந்தார்: "எதையும் எழுதிக்காதமா, பெரிய பேத்திக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம்."

ராக்கெட்

பிள்ளையார்பாளையம் தருணுக்கு இரண்டரை வயசு. பிறந்தநாள் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்ன, அம்மா ரேவதி பதறித் தூக்கிவந்தாள். கண்ணுக்குள் கட்டி. இது சில குடும்பங்களில் வழிவழியாக வரும் என்பதால், நாலு மாதத் தங்கச்சிப் பாப்பாவின் கண்ணையும் உடனே பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். ரேவதியின் மாமியார் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டார்.

தருணின் அப்பா தினகரனுக்கு ஒரு கண் செயற்கைக் கண். அதைப் பற்றிக் கேட்டேன். மாமியார் சீறினார்: "அது தீபாவளி ராக்கெட் பட்டதும்மா! எங்க குடும்பத்துல யாருக்கும் ஒண்ணும் கெடையாது."

கில்லி, சேவல்

மறுநாள் சாப்பாடு கொண்டுவந்த தினகரனின் தாய்மாமா, கண் போனது கில்லி விளையாட்டில் என்றார். அடுத்து வந்த தினகரனின் அக்கா, சேவல் கொத்தியது என்றாள். அட கடவுளே, ஒரே கண்ணுக்கு எத்தனை விபத்து! தினகரனையே பிடித்தேன். பட்டுத்தறி நெய்யும் அந்த மனுஷன் தலையைச் சொறிந்தார்: "எனக்கு அப்ப ரெண்டு வயசு மேடம், எங்கம்மா இன்னா சொல்றாங்களோ அதான்."

பஞ்சாயத்து

ரெண்டு வயசுப் பிள்ளை கில்லி ஆடுமா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "ராக்கெட் விட்டது யாரு? சேவல் யார் வீட்டுது?" என்று கத்தினேன். தாய்மாமா மாமியாரைப் பார்த்து, "கில்லின்னுதானேக்கா பேசி வெச்சோம்?" என்றார்.

மாமியார் உடைந்துவிட்டார். கட்டி என்றுதான் அன்று கண்ணை எடுத்தார்களாம். வெளியே சொன்னால் பையனுக்கு யார் பெண் தருவார்கள் என்று பயமாம். அழுதுகொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேவதி பாப்பாவை வாங்கி என் மடியில் போட்டாள்: "மொதல்ல இவ கண்ணைப் பாருங்க மேடம், சேவல் விஷயத்தை வீட்ல போய் வெச்சுக்கறேன்."

அப்பா கண்ணு

பாப்பாவின் கண்ணில் கடுகளவு கட்டி இருந்தது. லேசரில் சரிசெய்தார்கள், பார்வை தப்பிப் பிழைத்தது. தருணுக்குக் கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. புதுக் கண் வைத்த அன்று அவன், "எனக்கும் அப்பா கண்ணு!" என்று வார்டு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது செக்கப்புக்கு வரும்போதெல்லாம் மாமியார் வரிசையில் நிற்பவர்களை விடுவதில்லை. போன வாரம் யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எதையும் மறைக்காதமா, எம் புள்ளைக்குக் கண்ணு போனது கேன்சர்லதான், எந்தச் சேவலும் கொத்தல!"

அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு யாராவது விபத்து என்றால், சொந்தக்காரர்கள் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்காமல் நான் பேனாவை மூடுவதே இல்லை.