வெறும் மேசைக்குப் பச்சை விளக்கு

மின்சார ஒத்தடப் பட்டை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் 'டிக் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் 'ஊமைக்கோட்டான்' என்று ஒரு பேர் இருந்தது. வாயைத் திறக்காமல் வேலை பார்த்ததற்குக் கிடைத்த பட்டம். கணினித் திரையில் டிக் போடும் வேலை வந்ததும் பழைய பேர் உதிர்ந்துபோனது. அதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

தைத்து வரும் ஒவ்வொரு பட்டையையும் மேசைமேல் விரித்து, இரண்டு கவ்விகளை மாட்டி, சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பெட்டி கட்டும் பக்கம் தள்ள வேண்டும். முன்பு ஒவ்வொரு சோதனைக்கும் தனிப் பொத்தான், தனி விளக்கு. முதலாளி அவசரப்படுத்தியதால் புரோகிராம் போடுகிறவர் அதை மாற்றினார். அவருக்குப் 'படக்காரர்' என்று பேர். எழுத்தெழுத்தாகத் தட்டமாட்டார்; திரையில் பெட்டி பெட்டியாக வைத்து, வண்ணக் கம்பிகளால் இணைத்து, படமாகவே வரைந்துவிடுவார். அவர் செய்துகொடுத்த புதுத் திரையில் நான்கு கட்டங்கள் இருந்தன: மின்சாரம் ஏறுகிறதா, சூடாகிறதா, சூடு மிஞ்சினால் தானாக அணைகிறதா, மின்சாரம் வெளியே கசிகிறதா. வேண்டியதற்கு டிக் போட்டு ஒருமுறை அழுத்தினால் போதும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். எல்லாம் முடிந்து மணி அடித்தால் பச்சையோ சிவப்போ எரியும்.

புதுத் திரை வந்த கையோடு அவள் அம்மாவுக்கு ஒரு பட்டை வாங்கிப் போனாள். சர்க்கரையால் அம்மாவுக்குக் கால் மரத்திருந்தது. கெண்டைக்கால் உள்ளுக்குள் குடையும், ஆனால் மேலே தொட்டால் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது, ஜாக்கிரதை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகவே தானாக அணையும் பட்டை.

"நாலு டிக்கும் நானே போட்டுப் பார்த்ததும்மா. சூடு மிஞ்சினா அதுவே அணஞ்சிடும். கட்டிக்கிட்டு நிம்மதியாத் தூங்கு" என்றாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து மேசைக்குத் திரும்பியவளைப் பெட்டி கட்டும் அத்தை வம்புக்கு இழுத்தாள். என்றைக்கும் இல்லாத அதிசயமாக இவளும் பதில் சொன்னாள்.

"அடியாத்தி, உனக்குப் பேச வருமா? இத்தன நாளா வாயி ரிப்பேர்னு நெனச்சேனே!"

சிரித்துக்கொண்டே டிக் போட்டு அழுத்தினாள். பேச்சு நீண்டது. மணி அடித்தது. பச்சை. பட்டையை எடுத்து அத்தை பக்கம் தள்ளக் கை நீட்டினாள்.

மேசைமேல் பட்டை இல்லை. இரண்டு கவ்விகளும் சும்மா கிடந்தன.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வெறும் மேசையிலேயே இன்னொரு முறை ஓட்டினாள். மறுபடியும் பச்சை. படக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, காத்துக்கே சர்டிபிகேட் குடுத்துட்டிங்களா?" என்று கேலி பேசிக்கொண்டே அவர் தன் படத்தைத் திறந்து ஒரு கம்பியை விரலால் தொடர்ந்து போனார். பாதி வழியில் விரல் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா... ஒவ்வொரு சோதனை முடிஞ்சதும் அதோட விடை நேரா விளக்குக்குப் போகுது. அடுத்தது வந்து முந்தினத அழிச்சிடுது. கடைசியா ஓடுறது என்ன சொல்லுதோ அதுதான் நிக்குது."

"கடைசின்னா, கசிவா?"

"ஆமா. ஒண்ணுமே மாட்டலன்னா எங்கேருந்து கசியும்? நல்லாருக்குன்னுதான் சொல்லும்."

"நீங்க சோதிச்சுத்தானே குடுத்தீங்க?"

"கெட்டுப்போன பட்டைய வச்சுப் பார்த்தேன்க்கா, சிவப்பு வந்துச்சே..." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. "ஐயோ, அது கசியிற பட்டை."

அவள் திரையில் மூன்றாவது கட்டத்தைத் தொட்டாள். "அப்போ அணையாத பட்டை வந்திருந்தா?"

அவர் படத்தை மூடப் போனார்.

"சொல்லுங்க."

"பச்சைதான்க்கா."

அம்மா பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கும் நேரம் அது. வீட்டுக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. "லாரிய நிறுத்துங்க!" என்று படக்காரர் கத்திக்கொண்டு ஒரு பக்கம் ஓட, இவள் வாசல் பக்கம் ஓடினாள். எந்தப் பேருந்தில் ஏறினாள், சில்லறை வாங்கினாளா, ஒன்றும் நினைவில்லை. டயர் கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தாள். கெண்டைக்காலில் பட்டை. சுவிட்சில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டையைத் தொட்டாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் கை பின்னால் வந்தது.

"எதுக்குடி இப்படி மூச்சு வாங்குற? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

பட்டையைக் கழற்றியபோது தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு துணிக்கட்டு. அவிழ்த்தாள். பழைய புண்.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"அது கெடக்கு, நீ பட்டை கொண்டாந்த கொஞ்ச நாள்லேருந்து. சர்க்கரைப் புண்ணுன்னு மருந்து தடவிக்கிட்டிருக்கேன். உங்கிட்ட சொன்னா லீவு போட்டுட்டு உக்காந்துக்குவ."

"பட்டை சுடுதோன்னு தோணவே இல்லயா?"

"பக்கத்து வீட்டுக்காரி தொட்டுப் பார்த்துட்டுச் சொன்னா, இவ்வளவு சூடு ஆகாதுன்னு. நான்தான் அவ வாய அடச்சேன். எம்பொண்ணு பார்த்துப் பாஸ் பண்ணது சுடுமான்னு கேட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டா."

கையில் இருந்த போன் அடித்தது. படக்காரர்.

"அக்கா, இன்னைக்கு லாரி நின்னுடுச்சு. ஆனா புதுத் திரை வந்ததுக்கப்புறம் போனதெல்லாம் கடைகளுக்குப் போயிருச்சு. முதலாளி, பார்த்துக்கலாம், அவசரப்படாதீங்கங்கிறார். அம்மா எப்படி இருக்காங்க?"

"வெந்துபோயிருக்கு" என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "அவர்கிட்ட சொல்லுங்க, என் அம்மா கால் வெந்துபோயிருக்குன்னு. எல்லாத்தையும் திருப்பி வாங்கச் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அங்கதான் வரேன்."

அம்மாவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

"அப்போ நீ பார்த்தப்ப சிவப்பு எரிஞ்சுதாடி?"

"இல்லம்மா" என்றாள் அவள். "பச்சைதான் எரிஞ்சுது."