மரம் தூங்கும் நேரம்

இன்று மாலை ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பச்சை மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. சாலையை அகலப்படுத்த எங்கள் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டார்கள்.

சிறுவயதில் அதன் இலைகள் மூடிக்கொள்ளும் வரைதான் எங்களுக்கு விளையாட்டு, பிசுபிசுக்கும் காய்களை மண்ணோடு இடித்துப் பந்து உருட்டிக்கொண்டிருக்கும்போதே, "மரம் தூங்கிடுச்சு, வாங்கடி!" என்று அம்மா மாடியிலிருந்து கூப்பிடுவாள், மழை மூட்டத்தில் அது சீக்கிரமே மூடிக்கொண்ட நாட்களில் மரத்தைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம்.

வெட்டிய அடிமரத்தைச் சுற்றித் தெருவே நின்றது. யாரோ மாலை போட்டிருந்தார்கள். "ஒரு வார்த்தை கேக்கலையேங்க" என்று பூக்கார அக்கா சொல்லிச் சொல்லி அழுதார்.

இருட்டிய பிறகும் ஒருவரும் நகரவில்லை. யாராவது மாடியிலிருந்து கூப்பிட்டால் தேவலை போலிருந்தது.