துவைகல்லில் கேட்ட இறுதிப் போட்டி

வெயில் இறங்கிய பிறகும் மாமா வீட்டுத் துவைகல்லில் சூடு மிச்சமிருக்கும். அந்தச் சூடு பாவாடையைத் தாண்டித் தொடையில் ஏறும் நேரத்தில், என் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், டி.வி.யில் கால்பந்தாட்டம் தொடங்கியிருக்கும். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

மாமா என் அம்மாவின் தம்பி. கூடலூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டினார். காலையில் அவர்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வரை குமுளி டீக்கடைகளில் காத்துக் கிடந்ததில், மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள அணியின்மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஜீப் கண்ணாடியில் அதன் கொடியை ஒட்டினார். கோல் விழுந்தால் "எண்டம்மோ" என்று மலையாளத்தில் கத்தினார். எங்கள் தெருவில் அந்த அணிக்கு 'மலை டீம்' என்று பெயர்.

லீக் சுற்றின்போது, ஒரு நாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் மலை டீம் கோல் அடித்தது. அடுத்த ஆட்டத்தில் அத்தை என்னைக் கடைக்கு அனுப்பியபோது இன்னொன்று. "ஏலே அந்தோணி, இவ வெளிய போனாத்தாண்டா உள்ள விழுகுது" என்று மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தோணி அவருடைய ஜீப் ஸ்டாண்டு நண்பர். ராயப்பன்பட்டியில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர். அவரும் சிரித்தார். எல்லோரும் என்னை 'ராசிக்காரி' என்றார்கள். அது பட்டம் என்று நினைத்து நானும் பெருமையாக எழுந்து எழுந்து வெளியே போனேன்.

பிளே-ஆஃப் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. லீக் சுற்றில் தோற்றால் அடுத்த வாரம் இருக்கிறது, இங்கே தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நான்கு அணிகள், அரையிறுதிக்கு இரண்டு ஆட்டங்கள், ஒன்று நம் மைதானத்தில், ஒன்று அவர்கள் மைதானத்தில், இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இதை அந்த வீட்டில் பிசகாமல் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆட்டத்துக்கு முன் என்னை நடுவில் உட்காரவைத்து, டிராவானால் என்ன ஆகும், ஒரு கோல் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்வார்கள். சொல்லி முடித்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அனுப்பும்போது தருபவை: ஒரு கிண்ணம் வறுகடலை, கொசு விரட்ட ஒரு பழைய துண்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற உத்தரவு.

மாமா ஒரு வாக்கும் தந்திருந்தார். "இந்த ரெண்டு மேட்சு மட்டும் அங்கன இருந்துரு ஆத்தா. ஃபைனலுக்கு நீதான் முன்னாடி, என் பக்கத்துல." எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கல்லில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தேன். தெருமுனையில், ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் கேபிள் டி.வி. ஓடியது, மாமா வீட்டில் டிஷ். டீக்கடையில் கூச்சல் எழுந்து, ஒரு மூச்சை இழுத்து விடும் நேரம் கழித்துத்தான் ஜன்னலுக்குள் "எண்டம்மோ" கேட்டது. உள்ளே டி.வி. சத்தத்தில் இருந்தவர்களுக்கு டீக்கடைக் கூச்சல் கேட்கவே இல்லை. வெளியே தள்ளப்பட்ட எனக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் தெரிந்தது.

இரண்டாவது ஆட்டமும் ஜெயித்து மாமா என்னைத் தூக்கிச் சுற்றியபோது, அதைச் சொல்லிவிட்டேன். "மாமா, கோல் விழுகுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருச்சு." டீக்கடையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் என்னை இறக்கிவிட்டார். "கேட்டியாலே? முன்னாடியே தெரியுதாம்! இத உள்ள விடுறதாவது!" கேபிள், டிஷ் என்று நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் ஒரே மேட்சுதானடி, அதெப்பிடி அங்கன மொதல்ல வரும்?" என்று அந்தோணி கேட்டார்.

இறுதிப் போட்டியன்று நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்று அழுதேன். "அவுக எல்லாரும் ஆசப்படுறாக. போய் ஒக்காந்துட்டு வாயேன், என்ன கொறஞ்சிரப் போற?" என்றாள் அம்மா. வறுகடலைக் கிண்ணத்தை அத்தை கல்லின்மேல் ஏற்கெனவே வைத்திருந்தாள்.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசி உதை மலை டீமுடையது. அது உள்ளே போனால்தான் உயிர். அப்போது ஜன்னல் திறந்தது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழப்போகிற குரலில் கேட்டார்: "ஏ செல்வி, என்ன ஆகும்? சொல்லுத்தா."

அதற்குள் டீக்கடையில் ஒரே ஒரு "ச்சே" எழுந்து, அதன்பிறகு சத்தமே இல்லை.

"போச்சு மாமா" என்றேன்.

அவர் டி.வி.யைத் திரும்பிப் பார்த்தபோது பந்து கோல் கம்பத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

யாரும் என்னை அடிக்கவில்லை. "வாய வச்சுட்டா" என்று அந்தோணி சொன்னது மட்டும் கேட்டது. மாமா என்னைப் பார்க்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எழுந்ததும் அத்தை ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஊற்றிக் கழுவினாள். கல்லில் மிச்சமிருந்த சூடும் போயிற்று. அன்றிலிருந்து நான் 'கரிநாக்கு'. பெண் பார்க்கப் போகும்போது, வளைகாப்புக்குக் கிளம்பும்போது, ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போகும்போது, "அவள விட்டுட்டு வாங்க" என்பது அந்தக் குடும்பத்தில் பழக்கமாகிவிட்டது.

படித்து முடித்து, இப்போது ஒளிபரப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். ஒரு படம் கிளம்பிய இடத்திலிருந்து வீட்டுத் திரைக்கு வர எத்தனை தாமதமாகிறது என்று அளப்பதும் என் வேலைகளில் ஒன்று. கேபிள்காரர் சேனலை நேராகச் செயற்கைக்கோளிலிருந்து இறக்கித் தெருவுக்குத் தந்தார். டிஷ் கம்பெனி அதையே இறக்கி, மறுபடி சுருக்கி, மறுபடி வானத்துக்கு ஏற்றி இறக்கியது. அந்தோணிக்கான பதில் இவ்வளவுதான். ஊரில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

போன சீசன் பிளே-ஆஃபின்போது மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். டீக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை; துவைகல்லைப் பெயர்த்துவிட்டு அங்கே வாஷிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நேரம். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. நரைத்துப்போன மாமாவின் பக்கத்தில், அன்று அவர் வாக்குத் தந்த இடத்தில், உட்கார்ந்தேன்.

அவருடைய போனில் மலை டீம்காரன் பெனால்டிக்குப் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். எதிர் வீட்டு மாடியில் அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் "அய்யோ" என்று கத்தினார்கள். மாமா திரையைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி என் வாயைப் பார்த்தார். நான் அதைத் திறக்கவே இல்லை.