திக்குவாய்க்காரனின் அக்காள்

கோட்டைக்குப்பத்து நாகம்மாளுக்கு இருந்தது ஒரே தம்பி, சின்னப்பன். அவனுக்கு வாய் திக்கும். அம்மா அவனைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனாவைக் கடல் கொண்டுபோனது. தன் எட்டு வயசிலிருந்தே அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் நாகம்மாள்தான். முதல் எழுத்திலேயே சொல் மாட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க அவன் நிற்கும்போது, மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். சோறு கேட்கிறான் என்பாள். வலை கிழிந்திருக்கிறது என்கிறான் என்பாள். அவனுக்கு இருபது வயசான பிறகும் அப்படித்தான். ஊரில் யாரும் அவனிடம் நேராக எதையும் கேட்பதில்லை. நாகம்மாளிடம்தான் கேட்பார்கள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. இரண்டு வருஷமாக மழை பொய்த்துப்போயிற்று. முகத்துவாரத்தை மணல் அடைக்க, ஏரி சுருங்கி, இருந்த தண்ணீரும் உப்பேறிக் கரித்தது. வாயில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் வெறும் பறியோடு கரையேறினார்கள். உள்நாட்டுக் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே தரகர்களும் வந்தார்கள். கடலுக்கு அப்பால் வேலை உண்டு, சோறு உண்டு என்று ஆள் சேர்த்தார்கள். வர மறுத்தவர்களில் நாதியற்றவர்களாகத் தெரிந்தவர்களைப் பிடித்தும் கொண்டுபோனார்கள். கப்பலேற்றும் முன் துறைமுகச் சாவடியில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பெயர் என்ன, ஊர் எது, மனசார வருகிறாயா என்று ஓர் எழுத்துக்காரர் கேட்பார். பிடித்து வந்தார்கள் என்று வாய்விட்டுச் சொன்னால் விட்டுவிட வேண்டும்.

ஒரு நாள் கயிறு வாங்கப் பழவேற்காட்டுக்குப் போன சின்னப்பன் திரும்பவில்லை. மூன்றாம் நாள், பக்கத்துக் குடிசைக் காந்தா வந்து நின்றாள். கருவாட்டுக் கூடையோடு ஊர் ஊராகப் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். வரும் வழியில் சாவடியில் அவனைப் பார்த்திருக்கிறாள்.

"பேர் கேட்டாங்க. நா... நா...ன்னு நின்னுக்கினே இருந்தான். ஊமைங்க, நாதியில்லாதவன், இஷ்டப்பட்டுத்தான் வரான்னு தரகன் சொன்னான். எழுத்துக்காரரும் எழுதிக்கினாரு. நான் கத்தினேன்டி. அந்தக் கூட்டத்துல என் சத்தம் எங்க எடுபடும்? நீ அங்க இல்லாம பூட்டியே."

நாகம்மாள் கரைக்கு ஓடினாள். கடலில் பாய்மரமே தெரியவில்லை.

அவன் சொல்ல வந்தது 'நான்' என்பதா, 'நாகம்மா' என்பதா? அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அதைவிட இன்னொன்று அதிகமாகக் குடைந்தது. அவன் வாயில் சொல் மாட்டிக்கொண்டபோதெல்லாம் இவள் முந்திக்கொண்டாளே, ஒரு தடவையாவது பொறுத்திருந்தாளா? பொறுத்திருந்தால் அது வந்திருக்குமோ என்னவோ. கரைவலை இழுக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து அவனும் குரல் கொடுப்பான். அப்போது ஒரு சொல்கூடத் திக்கியதில்லை. இத்தனை வருஷம் அதைக் காதால் கேட்டும் அவள் யோசித்ததில்லை.

காந்தாவுக்கு ஒன்பது வயசில் ஒரு மகள், ருக்கு. அவளுக்கும் திக்கும். சின்னப்பன் போன அந்த மாசமே காந்தா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நாளைக்கு இவளை யாராவது நிற்கவைத்துக் கேட்டால் என்ன ஆகும் என்றாள். தனக்கு என்ன தெரியும் என்று நாகம்மாள் மறுத்துப் பார்த்தாள். காந்தா நகரவில்லை.

நாகம்மாளுக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். வலைக்கயிற்றை ஒரு முளையில் கட்டி, ருக்குவைக் கணுக்கால் தண்ணீரில் நிறுத்தி இழுக்கச் சொன்னாள். ஓர் இழுப்புக்கு ஒரு சொல். மூச்சை விடும்போது இழு, இழுக்கும்போது சொல். முதல் வாரமே 'ருக்கு' என்ற பெயர் முழுசாக வந்தது. நாகம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆசை முற்றி, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, இனி வெறுங்கையோடு சொல் என்றாள். வரவில்லை. மறுபடியும் சொல் என்றாள். தரகன் வந்தால் இப்படித்தான் நிற்பாயா என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். ருக்கு வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாசம் பெற்ற தாயிடம்கூடப் பேசவில்லை.

காந்தா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று நாகம்மாளுக்கு இருந்தது. நாகம்மாள் தினமும் போய் ருக்குவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் வலையின் கிழிசலைப் பொத்தினாள். முப்பதாவது நாளோ என்னவோ, ஊ... ஊசி என்று அந்தப் பிள்ளையாகவே கேட்டது. நாகம்மாள் ஊசியைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எவரையும் அவசரப்படுத்தியதில்லை. ருக்கு பழையபடி கயிற்றுக்கு வந்தாள். கொஞ்ச நாளில் கயிறு இல்லாமலே, விரலைத் தொடையில் இழுத்துக்கொண்டு பேசினாள்.

இதைப் பார்த்துத்தான் ராஜாத்தி கூப்பிட்டனுப்பினாள். அவள் புருஷன் பெரியசாமி கட்டுமரக்காரர். வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாகம்மாள் அவர் கண்ணெதிரே குவளையை வைத்து, தண்ணி என்று வாயசைத்துக் காட்டிவிட்டுக் காத்திருந்தாள். அவர் உதடு கோணிக் கண்ணில் நீர் வழிந்தது. ராஜாத்தி குவளையைப் பிடுங்கி அவர் வாயில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"தாகத்துல தவிக்கிற மனுசன்கிட்ட வெளையாடறியா? உன் தம்பி போன வெறிய இங்க வந்து தீத்துக்காத."

அந்தச் சொல் நாகம்மாளைத் தைத்தது. அது முழுப்பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"குடிக்கக் குடுத்துட்டே சொல்லச் சொல்றேன்கா. ஆனா அவருக்காக நீ சொல்லாத. அது மட்டும் வேணாம்" என்றாள்.

நாலு மாசத்தில் பெரியசாமிக்கு ஐந்தாறு சொற்கள் திரும்பின. தண்ணி, வலி, போ, ராஜாத்தி. அதற்கு மேல் வரவில்லை. ராஜாத்தி என்ற பெயரை அவர் முதலில் சொன்ன அன்று, அவள் அடுப்படியை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த பஞ்ச வருஷத்தில் ருக்கு பிடிபட்டாள். பழவேற்காட்டுச் சந்தைக் கூட்டத்தில் தாயின் கை நழுவியது, அவ்வளவுதான். இரண்டு நாள் ஒரு கொட்டகையில் அடைத்துவைத்து, மூன்றாம் நாள் காலையில் சாவடிக்குக் கொண்டுவந்தார்கள். காந்தாவும் நாகம்மாளும் துறைமுகத்தை விட்டு அசையாமல் கிடந்தார்கள். ருக்குவைக் கண்டதும் காந்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு கத்தினாள். யார் யாரோ அன்று கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். எழுத்துக்காரர் தலைநிமிரவில்லை. பெயர் கேட்டார்.

ருக்குவின் விரல் தொடையில் இழுபட்டது. உதடு துடித்தது. தரகன் வாயைத் திறக்கப் போனான். தன் வாய்க்குள் தவித்த பதிலை நாகம்மாள் புடவைத் தலைப்பால் அடைத்துக்கொண்டாள்.

"ரு...க்கு. கோட்டைக்...குப்பம். புடிச்சாந்தாங்க. எங்கம்மா அதோ."

எழுத்துக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். போ என்று கையைக் காட்டினார்.

ருக்கு போகவில்லை. அவளுக்குப் பின்னால் உள்நாட்டுச் சிறுமிகள் இருவர் நின்றார்கள், அக்காளும் தங்கையும். கொட்டகையில் இரண்டு நாளும் ருக்குவைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள். அவர்களிடம் கேட்டபோது பயத்தில் இருவருக்கும் வாய் எழவில்லை. அவர்கள் பெயரும் ஊரும் ருக்குவுக்குத் தெரியும். திரும்பி நின்று சொல்லப் பார்த்தாள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. விரலை இழுத்தாள், மறுபடி இழுத்தாள். அதற்குள் எழுத்துக்காரர் இருவரையும் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நாகம்மாளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. தெரிந்திருந்தால் அவளே கத்தியிருப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ருக்குவுக்கு அந்தப் பெயர்கள் வந்தன. லோகாம்பாள், மணியம்மாள். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தன. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்து என்று காந்தா கெஞ்சினாள். நாகம்மாள் மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

மழை திரும்பியது. ஏரியில் இறால் வந்தது. சின்னப்பனைப் பற்றி எந்தக் கப்பலும் சேதி கொண்டுவரவில்லை. நாகம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திக்கும் பிள்ளைகளையும், வாதத்தில் வாய் இழுத்துக்கொண்டவர்களையும் சுற்றுக் குப்பங்களிலிருந்து கூட்டிவந்தார்கள். சிலருக்குப் பேச்சு வந்தது, பலருக்குப் பாதி வந்தது, சிலருக்கு வரவே இல்லை. சரியாகிவிடுமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள்.

"தெரியாது. தெனம் கூட்டிக்கினு வா" என்பாள் நாகம்மாள்.