'இறங்கும்'

மாடி அலுவலகத்தில் தரகர் மேசைமேல் இருக்கும் கரிக்கட்டியை இடுப்பளவு தூக்கித் தரையில் போடுகிறார். உடையவில்லை. "சரக்கு கல்லு மாதிரி இருக்கு," என்கிறார் தொலைபேசியில். கீழ்க்கடைத் தையல்காரர் தலைக்கு மேல் 'தொப்'பென்று கேட்டதும், "மேல வியாபாரம் நடக்குது," என்று சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோக்கிறார்.

நிலக்கரித் தூளை அழுத்திச் செய்யும் இந்தக் கட்டிகளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்துக் கொடுக்கும் தரகர் அவர். கொதிகலன் வைத்திருப்பவர்கள்தான் வாடிக்கை. விலை எப்படிப் போகும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "பொறுங்க, இறங்கும்." அதனால் துறைமுகத்தில் அவருக்குப் பெயரே 'இறங்கும்'. எதிர்ச்சாரியில் இருக்கும் போட்டித் தரகர் 'ஏறும்'. இருவரும் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். "எப்பப் பார்த்தாலும் ஏறும் ஏறும்னா, அது கரியா, காய்ச்சலா?" என்பார் இவர்.

குருட்டாம்போக்கில் சொல்கிறவர் அல்ல. சுரங்க நாட்டில் மழை விட்டதா, குளிர் நாட்டில் பனி குறைந்ததா, கப்பல்கள் எங்கே காத்துக்கிடக்கின்றன என்று காப்பி ஆறிப்போகும்வரை வாசிப்பார். மனைவி அதை மறுபடி சூடாக்கித் தருவார். "வீடு வாங்கலாம்னேன். பொறு, இறங்கும்னார். இன்னும் வாடகை வீடுதான்," என்பார்.

இந்தத் தடவை கரி விலையும் இறங்கவில்லை. மழை விட்டது உண்மை. ஆனால் விற்கும் நாடு ஏற்றுமதிக்குப் புது வரி போட்டது. கிளம்பிய கப்பல்களையும் கூடுதல் விலை கொடுத்து வேறொரு நாடு வழியிலேயே மடக்கிக்கொண்டது. அவர் பேச்சை வேதவாக்காக நம்பிப் பொறுத்திருந்தவர் தங்கையின் கணவர். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவை ஆலை அவருடையது. கிடங்கில் கரி தீர்ந்து, கொதிகலன் அணைந்தது. அழுக்கு மூட்டைகள் வாசல்வரை வந்துவிட்டன.

தங்கை அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள். சண்டை போடவில்லை.

"நீ சொன்னேன்னுதான்ணா பொறுத்தோம். நாளைக்குத் துணி போகலைன்னா ஆஸ்பத்திரிக்காரங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க."

"மழை விட்டுடுச்சேன்னு..." என்று ஆரம்பித்தார்.

அவள் போனபின் தெருவைக் கடந்து, இதுவரை மிதிக்காத படியை மிதித்தார்.

"ஒரு லாரி கரி வேணும். உங்க விலைக்கே எடுத்துக்கறேன்."

'ஏறும்' சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "கிடங்குல இருக்கு, ஏத்திக்குங்க. உண்மையைச் சொன்னா அந்த வரியை நானும் எதிர்பார்க்கலை. எப்பவும் சொல்றதைத்தான் சொன்னேன்."

"நானும் அதேதான்," என்றார் இவர்.

லாரியிலேயே ஏறிச் சலவை ஆலைக்குப் போனார். கூலியாட்களோடு சேர்ந்து கரி மூட்டைக்குத் தோள் கொடுத்தார்.

"விடுங்க மச்சான், இடுப்பு பிடிச்சுக்கும்."

"பிடிக்கட்டும் மாப்ளே."

கொதிகலன் முனகிக்கொண்டே சூடேறியது. பொழுது சாய்வதற்குள் முதல் விரிப்புகள் வெளுத்துக் காய்ந்து வந்தன. தங்கை ஒன்றை எடுத்து உதறி, இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அண்ணன் பக்கம் நீட்டினாள். அவர் தன் கைகளைப் பார்த்தார். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, சட்டையில் துடைக்காமல் காற்றில் உதறிக் காயவைத்துக்கொண்டு வந்து, முனைகளை வாங்கிக்கொண்டார்.